அடைந்த பிறகு அடை: புதிதாகத் தேனீ வளர்ப்பவருக்கு ஒரே சொல்லில் பாடம்

முதல் தேனீப் பெட்டி வாங்கியபோது விற்றவர் போனில் ஒரே வரிதான் சொன்னார்: "அடைஞ்சப்புறம் அடைச்சு எடுத்துட்டுப் போங்க." எனக்குக் காதில் விழுந்தது இரண்டாவது பாதி மட்டும். சாயங்காலம் நாலு மணிக்கே வாசலில் துணியைத் திணித்துப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், பெட்டி இருந்த காலியிடத்தில் நூற்றுக்கணக்கான தேனீக்கள், காலில் மகரந்தத்தோடு, வீடு எங்கே என்று சுற்றிக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் 'அடை' என்ற சொல்லை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் பெட்டி வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

படி 1: அடைவது வேறு, அடைப்பது வேறு

கோழி மரத்தில் அடைவது போல, தேனீயும் பொழுது சாய்ந்ததும் பெட்டியில் அடையும். அது தானாகச் செய்வது. அடைப்பது நம் வேலை. நன்றாக இருட்டி, வாசலில் வரத்துப் போக்கு நின்ற பிறகு அடையுங்கள். துணி வேண்டாம், காற்றுப் போகிற கம்பிவலைத் துண்டு போதும். புது இடத்தில் வைத்து, குலுக்கலெல்லாம் அடங்கியதும் திறந்துவிடுங்கள். ஒரே தோட்டத்துக்குள் பெட்டியை நாற்பது அடி தள்ளி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

படி 2: அடையைப் படிப்பது

இப்போது பெயர்ச்சொல். தேனீ மெழுகால் கட்டும் கூட்டுத் தட்டுதான் அடை, சில ஊர்களில் ராட்டு. நம் ஊர் இந்தியத் தேனீக்குப் பெரும்பாலும் நியூட்டன் பெட்டியோ மார்த்தாண்டம் பெட்டியோதான். கீழே புழு அறை, மேலே தேன் அறை. அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கும்போது அடையைத் தட்டு போலப் படுக்க வைக்காதீர்கள், புது மெழுகு அப்படியே ஒடிந்து விழும். செங்குத்தாகவே பிடித்து, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணறைக்குள் (அடையிலுள்ள சின்னக் குழிகள்) விழும்படி நின்று பாருங்கள். அடியில் நட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் துளி தெரிந்தால் அது முட்டை. இராணியைத் தேடி அலைய வேண்டாம், மூன்று நாளைக்குள் அவள் அங்கே இருந்திருக்கிறாள். பழுப்பாக, லேசாகப் புடைத்த மூடி என்றால் உள்ளே கூட்டுப்புழு. வெளுப்பாக, தட்டையாக இருந்தால் தேன். மூடி உயரமாக, நடுவில் ஊசி குத்தியது போல ஒரு பொட்டு ஓட்டையோடு இருந்தால் ஆண் தேனீ. அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை மாதிரி தொங்குவது இராணிக்கான அறை. அதைப் பார்த்தால் கூட்டம் பிரியப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: அடைகாக்கும் இடத்தில் கை வைக்காதே

புழு இருக்கும் பகுதியைத் தேனீக்கள் ஏறக்குறைய 34, 35 டிகிரியிலேயே வைத்திருக்கும். குளிர்ந்தால் நெருங்கி மூடிக்கொள்ளும், சூடானால் விசிறும். கோழி செய்கிற அதே அடைகாத்தல்தான், ஆனால் ஊரே கூடிச் செய்கிறது. முட்டை வேலைக்காரத் தேனீயாகி வெளியே வரச் சுமார் இருபது நாள். ஆசையில் தினமும் திறந்து பார்த்தால் அந்தச் சூடு போய்விடும். வாரம் ஒருமுறை, காலை வெயிலில், ஐந்து நிமிடம். சரி, பத்து நிமிடம்.

மரப்பொந்திலிருந்து கூட்டம் பிடிப்பவர்கள் புழு அடையை அறுத்து, சட்டத்துக்கு அளவாக வெட்டி, வாழை நாரால் கட்டுவார்கள். சில நாளில் தேனீக்கள் மெழுகால் ஒட்டிவிட்டு, நாரையும் கடித்துத் துப்பிவிடும். தேன் கனத்த அடையைக் கட்டாதீர்கள், பாரம் தாங்காது. முதல் தடவை பழகியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கொட்டினால் மூச்சுத் திணறும் உடம்பு என்றால் இந்த வேலையே வேண்டாம்.

படி 4: தேனீ அடைத்தால்தான் தேன்

கன்னியாகுமரிப் பக்கம் தை பிறந்து ரப்பர் தளிர் விடும்போது தேன் வரத்து. பூவிலிருந்து இல்லை, இலைக்காம்பில் இருக்கும் சுரப்பியிலிருந்து! தேன் அறையில் பளபளவென்று நிறைந்திருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். கண்ணறைகளை மெழுகால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசியாவது அடைபட்டிருக்க வேண்டும். திறந்திருக்கும் தேனில் தண்ணீர் அதிகம், புட்டியில் புளித்து நுரைக்கும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மூடியைச் சீவி, தேன் பிரிக்கும் எந்திரத்தில் சுற்றி எடுத்துவிட்டு, வெற்றடையைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். அதுகளுக்கு மறுபடி மெழுகு கட்டுகிற வேலை மிச்சம். புழு அடையைப் பிழியவே கூடாது.

எடுத்த தேனைப் புட்டியில் அடைக்கும்போது ஒரே நிபந்தனை: புட்டி காய்ந்திருக்க வேண்டும்.

படி 5: அடைமழை

ஐப்பசி, கார்த்திகை. வெளியே போக வழியில்லாமல் கூட்டம் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்துச் சாயங்காலம் உள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். முக்கியமாக, தேனீ மொய்க்காத வெற்றடைகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஆள் இல்லாத அடை மெழுகுப் பூச்சிக்குச் சொந்தம். நான் ஒரு வருஷம் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுத் திறந்தபோது, இரண்டு அடை முழுக்க ஒட்டடை மாதிரி நூல், அதற்குள் கொழுத்த புழுக்கள்.

மற்றபடி மழை விடும்வரை பெட்டியைச் சும்மா விடுங்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் அடுப்பில் கல்லைப் போட்டு, முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டு நாலு அடை வார்த்துச் சாப்பிடுங்கள்.