குழு விளையாட்டைத் திட்டமிடுவது எப்படி? முதன்முறை நடத்துபவர்களுக்கு

ஒரு குழுவினர் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்கான குழு விளையாட்டை நடத்தும் பொறுப்பு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது விளையாட்டுகளின் பட்டியலைத்தான். ஜாலியாகத் தெரியும் ஒன்றை எடுத்து நடத்துவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், கலைந்துபோவார்கள். மறுநாள் பார்த்தால் குழு பழைய மாதிரியேதான் இருக்கும். சிரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் சேர்ந்து வேலை செய்யவும் தெளிவாகப் பேசவும் பழக்க வேண்டுமென்றால், விளையாட்டைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: எது சரியில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"ஒற்றுமை வளர வேண்டும்" என்று எழுதினால் எதற்கும் உதவாது. கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். "புரியாவிட்டாலும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை." "இரண்டு பேரே முடிவெடுக்கிறார்கள், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்." "ஏதாவது தப்பானால் உடனே அடுத்தவர் மேல் பழி போடுகிறார்கள்." இப்படி ஒன்று போதும். ஒரே அமர்வில் மூன்றையும் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காது.

படி 2: அந்த வரிக்குப் பொருந்தும் விளையாட்டைத் தேடுங்கள்

திருப்பிக் கேட்காத குழுவுக்கு முதுகோடு முதுகு ஓவியம் நன்றாகப் பொருந்தும். அதை எப்படி நடத்துவது என்று 4-ஆம் படியில் முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டு பேரின் குரல் மட்டுமே கேட்கும் குழு என்றால், வாயே திறக்காமல் பிறந்த மாதம், தேதி வரிசைப்படி எல்லாரையும் நிற்கச் சொல்லுங்கள். பேச்சு இல்லாதபோது பேச்சாளர்களின் பிடி தளரும். வழக்கமாக ஓரமாக நிற்பவர் விரல்களைக் காட்டி வரிசையை ஒழுங்குபடுத்துவதைப் பார்க்கலாம்.

பழி போடும் குழுவுக்கு ஒரு லேசான நீளக் குச்சியே போதும். எட்டு பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க, எல்லாருடைய ஆள்காட்டி விரல்களின் மேலும் குச்சி படுத்திருக்க வேண்டும். அதைத் தரைக்கு இறக்க வேண்டும், யாருடைய விரலும் குச்சியை விட்டு விலகக் கூடாது. ஆரம்பித்ததும் குச்சி மேலே போகும்! விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் மேலே அழுத்துவதுதான் காரணம். ஆனால் "யாரோ தூக்குகிறீர்கள்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே குறித்து வையுங்கள், பிறகு பேசும்போது தேவைப்படும்.

திட்டம் போட்டே நேரத்தைக் கழிக்கும் குழுவுக்கு ஸ்பகெட்டி கோபுரம். வேகவைக்காத 20 ஸ்பகெட்டி (நீளமான நூடுல்ஸ் மாதிரி) குச்சிகள், சுமார் 90 செ.மீ. நூல், அதே நீளத்துக்கு டேப், ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரியான மிட்டாய்), 18 நிமிடம். உயரமான கோபுரம் கட்டி அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்தச் சவாலை டாம் வூஜெக் என்பவர் 2010-இல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சியின் மேடையில் பேசிப் பரப்பினார். வணிகப் படிப்பு மாணவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகச் செய்வதாக அவர் காட்டினார். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்ப்பார்கள். பெரியவர்கள் கடைசி நொடியில் வைப்பார்கள், கோபுரம் சாயும்.

எந்த விளையாட்டானாலும் முடிந்தவரை குழுவைச் சிறிதாக வையுங்கள். கயிறு இழுப்பதில் ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாலைந்து பேர் இருந்தால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. 20 பேர் வந்தால் ஒரே பெரிய குழுவாக வைக்காமல் நாலைந்தாகப் பிரித்துவிடுங்கள்.

படி 3: விதி, விலக்கு, பரிசு

விதிகள் மூன்று வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். "சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ஒருவரை விதியைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். குழப்பம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கண்ணைக் கட்டுவதும் கைகோப்பதும் எல்லாருக்கும் சரிப்படாது. விருப்பமில்லாதவர் காரணம் சொல்ல வேண்டிய நிலைமை வரக் கூடாது. "கவனிப்பவர்" என்ற வேலையை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். யார் யாரிடம் கேட்டார்கள், யார் பேச்சு பாதியில் வெட்டுப்பட்டது என்று அவர் குறிப்பெடுப்பார். உண்மையிலேயே பயனுள்ள வேலை அது.

பரிசு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பரிசு என்று வந்துவிட்டால் வேகமாகச் செய்யத் தெரிந்தவர் மற்றவர் கையிலிருந்து பிடுங்கிச் செய்துவிடுவார்.

படி 4: நடத்துங்கள்

முதுகோடு முதுகு ஓவியத்துக்குத் தாள், பேனா, எளிய வடிவங்களால் ஆன இரண்டு படங்கள் போதும். மொத்தம் 45 நிமிடம் ஒதுக்குங்கள். இருவர் இருவராக முதுகு காட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் படம், இன்னொருவர் கையில் வெற்றுத் தாள். முதல் சுற்று ஏழு நிமிடம். படம் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம், வரைபவர் வாயைத் திறக்கக் கூடாது.

இப்படித்தான் போகும்: "ஒரு வட்டம் போடுங்க. அதுக்குக் கீழே ஒரு முக்கோணம். பக்கத்துல ஒரு கோடு." வட்டம் எவ்வளவு பெரிது? முக்கோணம் வட்டத்தைத் தொடுகிறதா? யாருக்கு இடப்பக்கம்? எதுவும் தெரியாமல் வரைபவர் ஏதோ ஒன்றைப் போடுவார். சொல்பவரோ தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் அறை முழுக்கச் சிரிப்பு எழும்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு தகவல் சொல்லலாம். எலிசபெத் நியூட்டன் என்பவர் 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவர் மனதில் பாட்டு முழுதாக ஓடுகிறது, கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் டொக் டொக். முதல் சுற்றில் நடந்ததும் இதுதான்.

அப்புறம் இடம் மாறி, புதுப் படத்தோடு இரண்டாவது சுற்று. இந்த முறை வரைபவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் சுற்றுத் தாள்களையும் இரண்டாவது சுற்றுத் தாள்களையும் சுவரில் மேலும் கீழுமாக ஒட்டிவிடுங்கள். வித்தியாசத்தை நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

படி 5: உட்கார்ந்து பேசுங்கள்

நேரம் போதவில்லை என்றால் பலர் வெட்டுவது இந்தப் பகுதியைத்தான். தயவுசெய்து இதை வெட்டாதீர்கள், வேண்டுமானால் ஒரு சுற்றைக் குறையுங்கள். குழு தன்னைத் தானே பார்ப்பது இங்கேதான்.

மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது? அதிலிருந்து என்ன புரிகிறது? இனி என்ன செய்யப் போகிறோம்? டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-இல் முன்வைத்த வரிசை இது. முதல் கேள்விக்குக் கவனிப்பவர் தன் குறிப்பை வாசிக்கட்டும். இரண்டாவதுக்கு எல்லாரும் ஒரு நிமிடம் எழுதிவிட்டுப் பேசட்டும், அப்போதுதான் அமைதியானவர்களின் கருத்தும் வெளியே வரும். யாரும் பேசாமல் பத்து நொடி கழிந்தாலும் பொறுத்திருங்கள். உங்கள் விளக்கத்தைச் சொல்லி அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால், அவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு "இனி நன்றாகப் பேசுவோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். "வேலையை வாங்கிக்கொள்பவர் அதைத் தன் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்வார்" என்பது மாதிரி, செய்தார்களா இல்லையா என்று பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அதை அவர்கள் கையாலேயே எழுதி, அன்றாடம் கண்ணில் படும் இடத்தில் ஒட்டட்டும்.

படி 6: இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்

முதல் படியில் எழுதிய வரியை எடுத்து, ஏதாவது மாறியிருக்கிறதா என்று குழுவிடமே கேளுங்கள். மாறியிருந்தால் அடுத்த பிரச்சினைக்குப் போகலாம். மாறவில்லை என்றால் உடனே வேறு விளையாட்டைத் தேடாதீர்கள். ஒட்டிய தாளில் இருப்பது செய்ய முடியாத காரியமாக இருக்கலாம். அந்த வரியைச் சின்னதாக்கி, புதுப் படத்தோடு இரண்டாவது சுற்றை மட்டும் இன்னொரு முறை நடத்துங்கள்.