ஹவுஸ் சிட்டிங்: கூச்சப்பட்டுச் செய்யும் தவறுகள்

ஊரில் கல்யாணம் காட்சி என்று இரண்டு நாள் வெளியே போவதென்றால் அம்மா செய்யும் முதல் வேலை, அடுத்த தெரு அத்தை மகனைக் கூப்பிட்டு "ராத்திரி மட்டும் வந்து படுத்துக்கோடா" என்பதுதான். அவன் வருவான், ஹாலில் பாயை விரித்துப் படுப்பான், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, செடிக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போவான். கூலி கிடையாது, கல்யாண வீட்டு முறுக்கும் லட்டும்தான். இதையே இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முன்பின் தெரியாத ஆளை வைத்துச் செய்கிறார்கள், அதற்குப் பெயர் ஹவுஸ் சிட்டிங். வீட்டுக்காரர் விடுமுறைக்குக் கிளம்புகிறார், சிட்டர் வந்து வாடகை இல்லாமல் அங்கே தங்கி நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்கிறார், பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை.

2010-இல் இங்கிலாந்தில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் மாதிரி இணையதளங்களில் இரு தரப்பும் சந்தா கட்டிச் சேர்கிறார்கள், வீட்டுக்காரர் தன் வீட்டைப் பற்றி ஒரு பதிவு போடுகிறார், சிட்டர்கள் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். கொரோனா முடக்கத்தில் ஆசையாக வாங்கிய நாய்க்குட்டிகள் எல்லாம் இப்போது வளர்ந்து நிற்கின்றன, நாய் விடுதிக்கு நாள் கணக்கில் காசு கொடுத்தால் விமான டிக்கெட்டை விட அதிகமாகிறது, இன்னொரு பக்கம் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்ற தம்பதிகளும் ஹோட்டல் செலவில்லாமல் ஊர் சுற்றப் பார்க்கிறார்கள். இரண்டும் கூடிவந்ததில் இது வளர்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் சில வருஷமாக நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். என் வீட்டையும் ஒப்படைத்திருக்கிறேன், அடுத்தவர் வீட்டுப் பூனைக்கும் சேவகம் செய்திருக்கிறேன். இதில் நான் பார்த்த மனக்கசப்பு எதற்கும் திருட்டோ பெரிய உடைப்போ காரணமில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டிருப்பார், அவ்வளவுதான். அத்தை மகனுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை, அவன் அந்த வீட்டில் தவழ்ந்தவன். இங்கே வருபவருக்கு எந்த சுவிட்ச் எந்த விளக்கு என்றுகூடத் தெரியாது.

வீட்டுக்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவர்கள் செய்யும் பெரிய தவறு, பெண் பார்க்கும் படலத்தில் குறையை மறைப்பது மாதிரி பிராணியின் குறையை மறைப்பது. "அமைதியான வயசான நாய்" என்று போட்டிருந்த ஒரு வீட்டுக்கு நான் போனேன். அமைதிதான், ஆனால் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு அதை வெளியே கூட்டிப்போக வேண்டும், இல்லையென்றால் ஹால் கார்ப்பெட்டிலேயே காரியம் முடிந்துவிடும். இதை அந்த அம்மா சாவியைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். முன்னாடியே சொல்லியிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேனா? தெரியாது, ஆனால் அலாரம் வைத்துக்கொண்டு தயாராகப் போயிருப்பேன். சர்க்கரை நோய் உள்ள பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டியிருக்கும், அதை "சின்ன ஊசிதான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. காலை எட்டு, இரவு எட்டு என்று இருபது நாள் கட்டிப்போடுவது சின்ன விஷயம் இல்லை. வெளிப்படையாக எழுதினால் ஆள் வரமாட்டார்களே என்ற பயம்தான் காரணம். உண்மையில் நாய்க்கு வலிப்பு வரும், மாத்திரை தர வேண்டும் என்று பச்சையாக எழுதிய பதிவுக்கும் ஆள் கிடைக்கிறார்கள், அதுவும் அதற்குப் பழக்கப்பட்டவர்களாகக் கிடைக்கிறார்கள்.

அடுத்தது காப்பீடு, இதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகளில், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் வீடு கிடந்தால் பாதுகாப்பு சுருங்கிவிடும், ஆஸ்திரேலியாவில் இந்தக் கெடு பரவலாக 60 நாள். ஆள் தங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்பதே ஹவுஸ் சிட்டிங்குக்கு ஒரு நல்ல காரணம். ஆனால் அதே பாலிசியின் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கலாம்: நீங்களே அனுமதித்து உள்ளே விட்ட ஆளால் பொருள் போனால், பூட்டு உடைபட்ட தடயம் இல்லாதவரை இழப்பீடு இல்லை என்று. ஒரு போன் போட்டு "நான் இல்லாத நாட்களில் இன்னார் தங்குகிறார்" என்று சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. அப்புறம், சிட்டரிடம் மின்சாரத்துக்கு, கேஸுக்கு என்று காசு வாங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்குபவர் என்றால் கேட்பது புரிகிறது, ஆனால் காசு வாங்க ஆரம்பித்தவுடன் அது வாடகைக்கு விட்ட மாதிரி ஆகிவிடுகிறதா என்ற கேள்வி எழும். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

சிட்டர்களுக்கு வருகிறேன். இவர்களுடைய ஆபத்தான தவறு விசா. "காசு வாங்கவில்லையே, சும்மா தங்கத்தானே போகிறேன்" என்று நாம் நினைக்கிறோம், குடியேற்ற அதிகாரி அப்படி நினைப்பதில்லை. 2022-இல் பிரிஸ்பேனைச் சேர்ந்த ஒரு பெண் கனடாவுக்குப் போகிற வழியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார். தங்குமிடத்துக்கு ஈடாகப் பூனை பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் கேட்ட கேள்விக்கு வெள்ளந்தியாகச் சொல்லப்போய், அது வேலைக்குச் சமம் என்று அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கே இந்தக் கதி. பேரப்பிள்ளையைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை, "சும்மாதானே இருக்கீங்க, ஒரு வாரம் எடின்பரோ வீட்டில் நாயோடு இருந்துட்டு வாங்க" என்று தளத்தில் பதிந்து அனுப்பும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் தங்கள் விசா நிபந்தனையைப் படித்துவிட்டு, முடிந்தால் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். உள்ளூரில் நிரந்தர அனுமதியோடு இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

விண்ணப்பம் எழுதுவதிலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் தளத்தில் ஐந்து விண்ணப்பங்கள் வந்ததுமே அந்தப் பதிவு புது விண்ணப்பங்களை நிறுத்தி வைத்துவிடும், அதனால் லண்டன், சிட்னி மாதிரி இடங்களில் நல்ல வீட்டின் பதிவு போட்ட சிறிது நேரத்தில் மூடிவிடுகிறது. அவசரத்தில் எல்லோரும் ஒரே கடிதத்தை எல்லா வீட்டுக்கும் ஒட்டி அனுப்புகிறார்கள், சிலர் பூனை வீட்டுக்கு "உங்கள் நாயோடு நடக்க ஆவலாக உள்ளேன்" என்று எழுதுகிறார்கள். என் வீட்டுக்கு அப்படி வந்தது. எங்களிடம் இருப்பது நடக்கவே விரும்பாத ஒரு குண்டுப் பூனை.

விமர்சனங்களை அப்படியே நம்புவதும் தவறுதான். வீட்டுக்காரரும் சிட்டரும் ஒருவரை ஒருவர் பொதுவில் மதிப்பிடுவதால் யாரும் மூஞ்சியில் அடித்த மாதிரி எழுதுவதில்லை. அதனால் எழுதாததைப் படிக்கப் பழகுங்கள். ஆறு பேர் தோட்டத்தையும் நாயையும் புகழ்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூடச் சுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் கையோடு பினாயில் வாங்கிக்கொண்டு போங்கள்! வீடியோ அழைப்பு இல்லாமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். பேசும்போதே போனைத் திருப்பி வீட்டைக் காட்டச் சொல்லலாம், தவறே இல்லை. பேச மறுத்து, தளத்துக்கு வெளியே முன்பணம் அனுப்பச் சொன்னால் அங்கே வீடே இருக்காது.

கேமராவைப் பற்றிக் கேட்கத்தான் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வாசலில் மணியோடு சேர்ந்த கேமரா இருப்பது சகஜம், ஆனால் ஹாலில், சமையலறையில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஆள் தங்கும் நாட்களில் அணைத்துவிட வேண்டும். "நாயைப் பார்க்கத்தான் வைத்தேன்" என்று சமாதானம் சொல்வார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு காபி போடும் என்னையும்தானே அது பார்க்கிறது.

பொறுப்பை ஒப்படைக்கும் நாள்தான் எல்லாம் கெட்டுப்போகும் இடம். டாக்ஸி வாசலில் நிற்கும்போது சிட்டரை வரச்சொல்லி, சாவியைக் கையில் திணித்து, "எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல எழுதி வெச்சிருக்கேன்" என்று ஓடுகிறவர்கள் அதிகம். முந்தைய நாள் சாயங்காலமே வரச்சொல்லி, ஒரு வேளை சாப்பாடு போட்டு, நாயை இரண்டு பேருமாக ஒரு சுற்று நடத்திக் காட்டினால், அதன்பிறகு அது அவர் சொன்னதைக் கேட்கும். தண்ணீரின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது (பிரிட்டனில் பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே), ஃபியூஸ் பெட்டி எங்கே, வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் அழுத்தமானியில் முள் எங்கே நிற்க வேண்டும், இதையெல்லாம் வாயால் சொல்லாமல் கையால் தொட்டுக் காட்டுங்கள். பாய்லர் ஓடாதபோது பொதுவாக 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் இருக்கும், அதற்குக் கீழே இறங்கினால் ரேடியேட்டர் சூடாகாமல் போகலாம். ஜனவரி ராத்திரியில் அதை யூடியூபில் தேடிக் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

பிராணியின் மருத்துவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நாய்க்கு ஏதாவது ஆகி சிட்டர் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே முதலில் கேட்பது உரிமையாளர் சம்மதத்தையும் பணம் யார் கட்டுவது என்பதையும். இவர் இன்ன தேதி வரை பொறுப்பு, இவ்வளவு தொகை வரை என்னைக் கேட்காமலே சிகிச்சை செய்யலாம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. விமானத்தில் பத்து மணி நேரம் உங்கள் போன் அணைந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நம் ஆட்கள் சிட்டராகப் போகும்போது ஒரு தனி ஆபத்து இருக்கிறது, அது பாசம். நாய் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று ஒரு பிடி சாம்பார் சாதத்தைப் போடுவோம். அதில் வெங்காயம் இருக்கிறது, பூண்டுப்பொடி இருக்கலாம், இரண்டுமே நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஆகவே பாயசத்தில் மிஞ்சியதும் கூடாது. சாக்லேட் பலருக்குத் தெரியும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம் என்பது அவ்வளவாகத் தெரியாது. பூனை சுணங்கிக் கிடக்கிறதென்று கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுத்தால் அது செத்தே போகலாம். மரியாதைக்காகப் பூங்கொத்து வாங்கிப்போகிறவர்கள் அதில் லில்லி இருக்கிறதா என்று பாருங்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

இன்னொன்று, புது ஆள் வந்த முதல் நாள் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுக்காதீர்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், ராத்திரியில் தானே வந்து தின்றிருக்கும். ஆனால் வாசல் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காலடியைக் கவனியுங்கள், பூனை நழுவி ஓடிவிடும். இங்கிலாந்தில் 2024 ஜூன் முதல் பூனைக்கும் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) கட்டாயம், ஆனால் சிப் இருந்து என்ன பயன், அதற்கான பதிவேட்டில் வீட்டுக்காரரின் பழைய போன் நம்பர் இருந்தால்? கிளம்பும் முன் அதைச் சரிபார்க்க வேண்டியது வீட்டுக்காரர்.

தமிழ் வீடுகளுக்கென்று ஒரு பட்டியல் தனியாக உண்டு, இங்கேதான் கூச்சம் உச்சத்துக்குப் போகிறது. வீட்டில் மாமிசம் சமைக்கக் கூடாது, பூஜை அறைக்குள் நாய் போகக் கூடாது, செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்பதை வெள்ளைக்காரத் தம்பதியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டு, திரும்பி வந்து தோசைக்கல்லில் பன்றி இறைச்சி வாசனை வருகிறதென்று ஒரு மாதம் புலம்பிய நண்பர் எனக்கு உண்டு. பதிவிலேயே "இது சைவச் சமையலறை, வெளியே சாப்பிடுவதில் ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி போதும். ஒத்துவராதவர் விண்ணப்பிக்க மாட்டார். அதே மாதிரி கறிவேப்பிலைச் செடி. இங்கே குளிரில் அது உறங்கிவிடும், இலைகூட உதிரும். சிட்டர் பாவம், வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுவார், வேர் அழுகிவிடும். மூன்று வருஷம் வளர்த்த செடியை நான் அப்படித்தான் இழந்தேன். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, "செடிகளுக்குத் தண்ணீர் விடவும்" என்று எழுதி வைத்தது நான்தான்.

தெரிந்தவர் பையனை வைப்பதென்றால் இன்னும் மோசம். நம்ம பையன்தானே என்று எதையும் எழுதிக் கொடுப்பதில்லை, நண்பர்களைக் கூட்டி வராதே என்று சொல்ல மனம் வராது, பிறகு உறவே கசக்கும். முன்பின் தெரியாத சிட்டருக்கு எழுதும் அதே குறிப்பை அவனுக்கும் கொடுங்கள்.

சிட்டருக்குக் கடைசியாக ஒன்று. ஏதாவது உடைந்தால் அன்றே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், ஐந்து பவுண்டு கோப்பை என்றாலும். அடுத்த வீட்டுக்கு அதே நாள் போவதாக ஒத்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஏனென்றால் வீட்டுக்காரரின் விமானம் தாமதமாகும். சொன்ன நேரத்துக்குப் படுக்கை விரிப்பை மாற்றி, குப்பைத் தொட்டியை வெளியே வைத்து, கதவைச் சாத்தி, சாவியைக் கடிதத் துளை வழியாக உள்ளே போட்டுவிட்டு ரயில் ஏறினேன் ஒருமுறை. பாதி வழியில் செய்தி வந்தது, அவர்கள் விமானம் ரத்து, நாளைதான் வருவார்கள். சாவி உள்ளே, பூனையும் உள்ளே, அதன் தட்டு காலி. மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியின் நம்பரை வாங்கித் தேடிப் பிடிப்பதற்குள் ராத்திரி ஒன்பது ஆகிவிட்டது. இப்போதெல்லாம் அவர்கள் தரையிறங்கிச் செய்தி அனுப்பும் வரை சாவி என் பையில்தான் இருக்கும்.