சிறுத்தைக்கு முன் பூநாரை: தாயகத்தில் கமராவோடு சுற்றுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் இலங்கைக்குப் போகும் நம்மவர்களுக்குக் காட்டுயிர்ப் படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது யால தேசியப் பூங்கா. கல்யாணம், கோயில், உறவினர் வீடுகள் எல்லாம் முடிந்து மிஞ்சும் ஒரு நாளை அதற்கு ஒதுக்குவார்கள். அங்கே சிறுத்தை தென்பட்ட இடத்தில் ஜீப்புகள் நெருக்கியடித்து நிற்கும். ஆறுதலாக ஒரு படம் எடுப்பது கடினம். வடக்கில் வீடு உள்ளவர்கள் முதலில் வடக்கின் நீர்நிலைகளைப் பாருங்கள். ஒரு காலைப்பொழுது போதும், செலவும் குறைவு, பறவைகளோ ஏராளம்.

ஆனால் காலம் முக்கியம். வலசைப் பறவைகள் ஒக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். மாரி மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரிதான் நல்ல மாதங்கள். தைப்பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு இது வாய்ப்பாக அமையும். தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியை ஒட்டியதுதான் வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஊசிவால் வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கியிருக்கும். பூநாரைகள் ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்து மேயும். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைச் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பூநாரைகள் எங்கே நிற்கும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. போகுமுன் அந்தப் பக்கத்து மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத கரை இல்லை.

பூநாரைகள் பறக்கும்போதுதான் சிறகின் சிவப்பும் கறுப்பும் தெரியும் என்பதற்காகக் கைதட்டியும் கல்லெறிந்தும் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கூட வருகிறவர்களையும் செய்ய விடாதீர்கள். நீண்ட பயணத்துக்கான கொழுப்பை அவை இங்கேதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சத்தைப் பறிக்கிறோம். கரையில் அசையாமல் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அவையே மேய்ந்துகொண்டு கிட்ட வரும். தாழ்வாக இருந்து, பறவையின் கண்மட்டத்தில் எடுத்த படம், நின்றபடி எடுத்ததைவிட எப்போதும் மேல். வெளிர்நிறப் பறவையும் மினுங்கும் நீரும் சேர்ந்தால் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டி, சிறகின் வெள்ளை வெளிறிப் போகிறதா என்று திரையில் பாருங்கள். தானாகப் பறக்கும் பறவைக்கு 1/2000 செக்கன் ஷட்டர் வேகம் வேண்டும்.

வடக்கில் இன்னொரு விஷயத்தில் கவனம் தேவை. முகாம், காவலரண், சோதனைச் சாவடி எதையும் சட்டகத்துக்குள் கொண்டுவராதீர்கள். தள்ளாடியிலேயே முகாம் உண்டு. மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்தும், ஆனையிறவு, முகமாலைப் பக்கம் மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைகளைக் காணலாம். நல்ல கோணம் கிடைக்கிறதென்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். பழகிய பாதையில் மட்டும் நடவுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது, பூங்காவுக்குள் பேச்சே இல்லை.

சரி, யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால்? அப்போது வில்பத்து தேசியப் பூங்கா. 1300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடு, உள்ளே வில்லு எனப்படும் இயற்கை நீர்த்தேக்கங்கள். யுத்தத்தால் நெடுங்காலம் மூடிக் கிடந்து 2010இல் மீண்டும் திறந்தது. வறட்சியில் வில்லுகள் சுருங்க, மான், கரடி, சிறுத்தை எல்லாம் மிஞ்சிய தண்ணீருக்கு வந்தாக வேண்டும். அதே மாதங்களில் மின்னேரியாக் குளத்தில் யானைகள் பெருங்கூட்டமாகச் சேரும். யாலவின் முதலாம் பிரிவு பெரும்பாலும் செப்டம்பரில் மூடப்படும். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையிலிருந்து குமண தேசியப் பூங்கா வழியாகத்தான் நடப்பார்கள். கமராவோடு போகிறவர்கள் குமணவுக்கு ஜீப்பில் தனியாகப் போங்கள். யாத்திரை நடை வேறு, பட வேலை வேறு.

பூங்காக்கள் காலை ஆறு மணிக்குத் திறக்கும். வாசலில் முதல் வண்டியாக நில்லுங்கள், ஏனென்றால் அந்தப் பகுதியில் சூரியன் விறுவிறென்று ஏறிவிடும், எட்டரைக்குப் பிறகு வெளிச்சம் கடுமை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையை மறக்காதீர்கள். சாரதிகள் பலர் சிங்களம் பேசுவார்கள். சிறுத்தை காட்டினால்தான் வெளிநாட்டுக்காரர் திருப்திப்படுவார் என்று நினைத்து, தொலைபேசியில் தகவல் வந்ததும் விரட்டிக்கொண்டு போவார்கள். புறப்படும்போதே “ஹெமின் யமு”, மெதுவாகப் போவோம், என்று சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும் இடத்தில் “எஞ்ஜிம நவத்தன்ன” என்றால் எஞ்சினை நிறுத்துவார்; ஆட்டம் நின்றால்தான் படம் கூராக வரும். கிட்டப் போகச் சொல்லிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஜீப்புக்குள் கமரா முக்காலிக்கு இடமில்லை. வெறும் துணிப்பையை இங்கிருந்து கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைத் தாங்குங்கள். திரும்பும்போது அரிசியை வீட்டில் கொடுத்துவிடலாம். 100-400 மி.மீ. ஸூம் லென்ஸ் ஒன்று பெரும்பாலான இடங்களுக்குப் போதும். செம்புழுதி பறக்கும் வண்டியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் நீர் பூக்கும், அதனால் கமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் வைத்திருங்கள். மன்னார்க் காற்றில் உப்பு அதிகம். மாலையில் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். லிதியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அப்புறம், பறவைக் கூட்டின் படத்தைப் பகிரும்போது இடத்தின் பெயரையும் இருப்பிடத் தரவையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.