‘ஆலிஸ்’ நாவலை ஆங்கில வகுப்புக்குப் படிப்பது எப்படி?

லூயிஸ் கரோலின் ‘ஆலிஸஸ் அட்வென்ச்சர்ஸ் இன் வண்டர்லேண்ட்’ பாடமாக வந்துவிட்டால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். குழந்தைக் கதைதானே என்று ஒரே மூச்சில் புரட்டிவிட்டு, விடைத்தாளில் கதைச்சுருக்கம் தவிர எழுத ஒன்றுமில்லாமல் உட்காருபவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மறைபொருளை இணையத்தில் தேடிக்கொண்டே நாவலைப் படிக்காமல் விட்டுவிடுபவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த நாவலுக்கு ஒரு சாவி உண்டு. ஆலிஸ் என்ற சிறுமி கனவில் போய்ச் சேரும் வண்டர்லேண்டில் எல்லாரும் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் உரையாடல்கள் எல்லாம் கணக்காகச் செய்தவை. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர்; இயற்பெயர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன். கீழே உள்ள படிகள் அந்தச் சாவியைப் பயன்படுத்தத்தான்.

படி 1: முழுப் பதிப்புதானா என்று பாருங்கள்

கடைகளில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகளில் பல சுருக்கப்பட்டவை. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பாடல்களும் சிலேடைகளும். தேர்வில் மதிப்பெண் தருவதும் அவையே. வாங்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மொத்தம் 12 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் எலி சொல்லும் பாட்டு, வால்போல வளைந்து வளைந்து அச்சாகியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயம் ஆலிஸ் கண்விழிப்பதோடு முடியாமல், அவளுடைய அக்கா ஆற்றங்கரையில் உட்கார்ந்து அரைக்கனவு காண்பது வரை போக வேண்டும்.

நாவலுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் 11ஆம் எண் நூலாக இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் படங்கள் உள்ள வடிவத்தை எடுங்கள். ஜான் டென்னியல் வரைந்த 42 படங்களும் பாடத்தின் பகுதியே.

படி 2: ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், வாய்விட்டு

நாவல் ஏறத்தாழ 27,000 சொற்கள். அத்தியாயத்துக்குச் சராசரி 2,200 சொற்களுக்குச் சற்று மேல். நிதானமாக வாய்விட்டுப் படித்தால் 20 நிமிடம் போதும். 12 நாளில் முடியும். முதல் வாசிப்பில் அகராதியைத் திறக்க வேண்டாம். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

வாய்விட்டுப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1862 ஜூலை 4 அன்று டாட்ஜ்சன், தன் நண்பர் டக்வர்த்துடனும் லிடெல் வீட்டுச் சிறுமிகள் மூவருடனும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து காட்ஸ்டோவுக்குப் படகில் போனபோது வாயால் சொன்ன கதை இது. அந்த மூவரில் நடுப்பெண், 10 வயது ஆலிஸ், எழுதித் தரச் சொன்னதால்தான் பிறகு எழுத்தானது. காதுக்காகப் பிறந்த வேடிக்கைகள் கண்ணால் மட்டும் பார்த்தால் நழுவிவிடும்.

படி 3: உயரக் கணக்கு

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: அத்தியாயம், ஆலிஸின் உயரம். தோட்டத்துக்குப் போகும் சின்னக் கதவு 15 அங்குலம். புட்டியைக் குடித்ததும் அவள் 10 அங்குலம். கேக்கைத் தின்றதும் 9 அடிக்கு மேல். ஐந்தாம் அத்தியாயத்தில் கம்பளிப்பூச்சியோடு பேசும்போது 3 அங்குலம். டச்சஸ் வீட்டுக்குள் போக 9 அங்குலம், மார்ச் ஹேர் என்ற முயலின் வீட்டுக்கு 2 அடி, கடைசியில் தோட்டத்துக்குள் நுழைய 1 அடி. நீதிமன்றத்தில் மட்டும் எதையும் தின்னாமலே வளர ஆரம்பிக்கிறாள்.

பட்டியல் முடிந்ததும் உயரத்துக்குப் பக்கத்தில் ‘தானாக நடந்தது’, ‘அவளே முடிவு செய்தது’ என்று குறியுங்கள். தின்றால் உயரம் கூடவோ குறையவோ செய்யும் காளான் துண்டுகள் கைக்கு வந்தபின் அவளே அளவைத் தீர்மானிக்கிறாள் என்பது பளிச்சென்று தெரியும். ஆலிஸின் வளர்ச்சி பற்றிய எந்தக் கேள்விக்கும் இந்த ஒரு பக்கம் கைகொடுக்கும்.

படி 4: தமிழில் சொல்லிப் பார்க்கும் சோதனை

தமிழ் வழியாக ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வேடிக்கையையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு செத்துவிட்டால் அது ஒலியில் நிற்கும் சிலேடை. சிரிப்பு மிஞ்சினால் அது தர்க்கத்தில் நிற்பது. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள்.

ஒலி வகை: எலி தன் கதை நீளமானது என்கிறது; ஆலிஸ் அதன் வாலைப் பார்க்கிறாள். ஆங்கிலத்தில் கதையும் ‘டெய்ல்’, வாலும் ‘டெய்ல்’. ‘இல்லை’ என்று எலி கத்தினால், அவிழ்க்க முடிச்சு எங்கே என்று ஆலிஸ் தேடுகிறாள், இரண்டும் ‘நாட்’. பூமி தன் ‘ஆக்ஸிஸ்’ மேல் சுழல்கிறது என்று அவள் சொன்னால், டச்சஸுக்குக் கோடாரிகள் என்று காதில் விழுந்து தலையை வெட்டச் சொல்கிறாள். காளமேகத்தின் பாட்டில் பாம்பும் எள்ளும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதை ரசித்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல.

உச்சரிப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் மாக் டர்ட்டில் என்ற ஆமைப் பிராணி தன் ஆசிரியரை ஏன் ‘டார்ட்டாய்ஸ்’ என்று அழைத்தார்கள் என்று விளக்குகிறது. நம் ஊரில் சொல்லும் ‘டார்ட்டாய்ஸ்’ உச்சரிப்பில் அந்த விளக்கம் அர்த்தமற்றுப் போகும். இங்கிலாந்து உச்சரிப்பில் ‘ர்’ ஒலிக்காது, கடைசி அசை ‘டஸ்’. ‘டாட்டஸ்’ என்று வரும். ‘எங்களுக்குக் கற்றுத்தந்தார்’ என்பதற்கான ‘டாட் அஸ்’ அதோடு அப்படியே பொருந்தும். ஒரு சிலேடை விளங்கவில்லை என்றால் முதலில் உச்சரிப்பைச் சந்தேகியுங்கள்.

அதே அத்தியாயத்தின் பள்ளிப் பாடங்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ‘ரீலிங், ரைதிங்’ என்பது ரீடிங், ரைட்டிங். ஆம்பிஷன், டிஸ்ட்ராக்‌ஷன், அக்லிஃபிகேஷன், டெரிஷன் என்பவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலின் ஆங்கிலப் பெயர்களைத் திரித்தவை. ‘லாஃபிங், க்ரீஃப்’ என்றால் லத்தீன், கிரீக். ‘ஃபெயின்டிங் இன் காயில்ஸ்’ என்றால் பெயின்டிங் இன் ஆயில்ஸ். திரிந்த சொற்களுக்கும் தனியே பொருள் உண்டு: பேராசை, கவனச்சிதறல், அவலட்சணமாக்கல், ஏளனம். பள்ளிப்படிப்பு குழந்தைக்கு உண்மையில் என்ன தருகிறது என்ற விமர்சனமாக அந்த வரிசையை வாசிக்கலாம்.

தர்க்க வகை: தேநீர் விருந்தில், சொல்வதை நினைப்பதும் நினைப்பதைச் சொல்வதும் ஒன்றுதான் என்கிறாள் ஆலிஸ். அப்படியானால் ‘சாப்பிடுவதைப் பார்க்கிறேன்’ என்பதும் ‘பார்ப்பதைச் சாப்பிடுகிறேன்’ என்பதும் ஒன்றா என்று மடக்குகிறார் ஹேட்டர் என்ற தொப்பிக்காரர். தமிழிலும் கூர்மை போகவில்லை, பாருங்கள். ஒரு கூற்றைத் திருப்பிப் போட்டால் அது உண்மையாக இருக்கத் தேவையில்லை என்பது தர்க்கவியலின் அடிப்படை. இதே ஆசிரியர் பின்னாளில், 1896இல், ‘சிம்பாலிக் லாஜிக்’ என்று பாடநூலே எழுதினார். ‘இன்னும் கொஞ்சம் தேநீர் எடுத்துக்கொள்’ என்றதும், இதுவரை எதுவுமே குடிக்காதபோது எப்படி இன்னும் எடுப்பது என்கிறாள் ஆலிஸ். ஒன்றுமில்லாததைவிட அதிகமாக எடுப்பது சுலபம், குறைவாகத்தான் எடுக்க முடியாது என்கிறார் ஹேட்டர். கணக்கில் பிழை இல்லை.

மூன்றாவதாக ஒரு சின்ன வகை உண்டு: வழக்குத்தொடரை நேர்ப்பொருளில் எடுப்பது. பாட்டில் தாளம் தப்பினால் ஆங்கிலத்தில் ‘நேரத்தைக் கொல்கிறான்’ என்பார்கள். ஹேட்டர் பாடியபோது ராணி அப்படிக் கத்தியதிலிருந்து நேரம் என்ற ஆசாமி ஹேட்டரோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். அதனால்தான் அங்கே எப்போதும் மணி 6, ஓயாத தேநீர் நேரம்.

படி 5: பாடல்களை மூலத்தோடு அடுக்கிப் படியுங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. அதிகம் பலன் தருவதும் இதுவே. நாவலின் பாடல்களில் பெரும்பாலானவை, அன்றைய ஆங்கிலக் குழந்தைகள் மனப்பாடம் செய்த நீதிப் பாடல்களின் பகடி. மூலம் தெரியாவிட்டால் உளறலாகத் தோன்றும்.

இரண்டாம் அத்தியாயத்தின் முதலைப் பாட்டை எடுங்கள். மூலம் ஐசக் வாட்ஸ் 1715இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில் உள்ள தேனீப் பாட்டு: சுறுசுறுப்பான சின்னத் தேனீ ஒவ்வொரு நொடியையும் வீணாக்காமல் பூப்பூவாகத் தேன் சேர்க்கிறது, நீயும் சோம்பாதே. ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் வாட்ஸின் முதல் நான்கு வரிகள், வலப்பக்கம் கரோலின் நான்கு வரிகள் எழுதுங்கள். இரண்டிலும் உள்ள சொற்களை அடிக்கோடிடுங்கள்: ‘ஹவ் டத் த லிட்டில்’, ‘இம்ப்ரூவ்’, ‘ஷைனிங்’. அசைகளை எண்ணுங்கள்: 8, 6, 8, 6. நம் நேரசை, நிரையசை கணக்கு இங்கே செல்லாது; ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒன்று என்று எண்ண வேண்டும். சட்டகம் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது மட்டும் மாறிவிட்டது. உழைக்கும் தேனீயின் இடத்தில் வாலைப் பளபளப்பாக்கிக்கொண்டு படுத்திருக்கும் முதலை, சின்ன மீன்களைப் புன்னகையோடு வாய்க்குள் வரவேற்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தின் ஃபாதர் வில்லியம் பாட்டுக்கு மூலம் ராபர்ட் சதி 1799இல் எழுதிய கவிதை. வௌவால் பாட்டுக்கு ஜேன் டெய்லரின் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’. அது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். வகுப்பில் பகடி எழுதச் சொன்னால் இதையே மாதிரியாகக் கொள்ளுங்கள்: எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, மாறாத அசைக்கணக்கு, தலைகீழான நீதி. அசை உடைந்தால் மூலம் காதில் ஒலிக்காது, பகடியும் நிற்காது.

படி 6: படங்களையும் வாசியுங்கள்

மாக் டர்ட்டிலுக்கு டென்னியல் ஏன் கன்றின் தலையும் குளம்பும் வரைந்தார்? ஆமைக்கறி விலை அதிகம் என்பதால், கன்றின் தலையைப் போட்டு வைத்த போலி ஆமை சூப்தான் ‘மாக் டர்ட்டில் சூப்’. சூப்பின் பெயரிலிருந்து ஒரு பிராணியையே படைத்துவிட்டார் கரோல். படம் அதற்குச் சாட்சி. ஹேட்டரின் தொப்பியில் உள்ள சீட்டில் 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்று விலை இருக்கும். பதினோராம் அத்தியாயத்தில், தொப்பி தன்னுடையதல்ல, விற்பனைக்கு வைத்திருப்பது என்று அவர் சொல்லும்போது இந்தப் படத்துக்குத் திரும்புங்கள்.

படி 7: விடை எழுதுதல்

கேள்வி: ஆலிஸ் தான் யார் என்று எப்படித் தேடுகிறாள்?

பலவீனமான விடை: ‘ஆலிஸ் பெரிதாகவும் சிறிதாகவும் மாறுகிறாள். அதனால் குழம்புகிறாள்.’ இது கதையைத் திரும்பச் சொல்வது.

வலுவான விடை கருத்து, சான்று, விளக்கம் என்று நகரும். இப்படி: ‘இரண்டாம் அத்தியாயத்தில் ஆலிஸ் தன்னைப் பாடங்களால் சோதிக்கிறாள். நாலைந்து பன்னிரண்டு என்கிறாள். லண்டன் பாரிஸின் தலைநகரம் என்கிறாள். தேனீப் பாட்டு முதலைப் பாட்டாகிவிடுகிறது. உடனே, எதுவும் தெரியாத மேபல் என்ற பெண்ணாகத் தான் மாறிவிட்டதாக முடிவு செய்கிறாள். மனப்பாடம் செய்ததுதான் நான் என்று அந்தக் குழந்தைக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் எதையும் ஒப்பிக்கவில்லை. எதிரே நிற்பவர்கள் சீட்டுக்கட்டு என்று தானே பார்த்துச் சொல்கிறாள்.’ ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் தொடுவதைக் கவனியுங்கள்.

அடிக்கடி மதிப்பெண் போகும் இடங்கள்: நாவலில் ‘மேட் ஹேட்டர்’ என்ற பெயரே வராது, ‘ஹேட்டர்’ மட்டுமே. ராணி ‘குவீன் ஆஃப் ஹார்ட்ஸ்’. ரெட் குவீன், ஹம்ப்டி டம்ப்டி, ஜபர்வாக்கி எல்லாம் 1871இல் வந்த இரண்டாம் நாவலுக்கு உரியவை. ஆலிஸுக்கு ஏழரை வயது என்பதும் அங்கேதான். டிஸ்னியின் 1951 படம் இரண்டு நாவல்களையும் கலந்துவிட்டதால் படம் பார்த்து எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ராணி ஓயாமல் தலையை வெட்டச் சொன்னாலும் யாரையும் வெட்டுவதில்லை. கிரிஃபன் என்ற கழுகுத்தலைப் பிராணி அதை வெளிப்படையாகவே சொல்கிறது. கதை போதைப்பொருள் அனுபவத்தைச் சொல்கிறது என்ற விளக்கத்துக்கு நாவலில் சான்று கிடையாது, விட்டுவிடுங்கள்.

மனப்பாடத்துக்கு ஐந்து சிறு மேற்கோள்கள் போதும்: ‘கியூரியஸர் அண்ட் கியூரியஸர்’, ‘ஹூ ஆர் யூ’, ‘வி ஆர் ஆல் மேட் ஹியர்’, ‘சென்டன்ஸ் ஃபர்ஸ்ட், வெர்டிக்ட் ஆஃப்டர்வர்ட்ஸ்’, ‘யூ ஆர் நத்திங் பட் எ பேக் ஆஃப் கார்ட்ஸ்’. முதல் மேற்கோளை எழுதும்போது ‘மோர் கியூரியஸ்’ என்று திருத்திவிடாதீர்கள். வியப்பில் ஆலிஸ் நல்ல ஆங்கிலத்தையே மறந்துவிட்டாள் என்று கரோல் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறார்.