பிளாஸ்மா போட்டாச்சு, தண்ணீர் பரவியாச்சு. அப்புறம்?

அம்பத்தூரில் முந்தின நாள் சாயங்காலம் பிளாஸ்மா போட்ட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் துண்டு அது. (ரத்தத்தில் உள்ள பிளாஸ்மா அல்ல இது, மின்சாரத்தால் மின்னூட்டம் பெற்ற வாயு. தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக்கில் தண்ணீர் படர வைக்க அதைப் பரப்பில் படவைப்பார்கள்.) அதை ஜிப் கவரில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, மே மாத உச்சிவெயிலில் தரமணிக்குக் கொண்டுவந்தான் ஒரு மாணவன். தண்ணீர்த் துளி விட்டுத் தொடுகோணம் பார்த்தால் 90 டிகிரிக்குக் கிட்டே நிற்கிறது. துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம் அது; குறையக் குறையத் துளி நன்றாகப் படர்கிறது என்று அர்த்தம். பிளாஸ்மாவே போடாத துண்டில் 100 டிகிரி சொச்சம் வரும். “அந்த மெஷின் சரியில்ல சார்” என்றான். மெஷின் பாவம், அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும். துண்டைக் கெடுத்தது பயணம்.

பாலிப்ரொப்பிலீன் பரப்பில் கார்பனும் ஹைட்ரஜனும்தான். தண்ணீர் மூலக்கூறு பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை, அதனால் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு முத்தாக நிற்கிறது. டிஃபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தால் எவர்சில்வரில் தண்ணீர் படர்ந்து வடிய, பிளாஸ்டிக்கில் மட்டும் முத்து முத்தாக நிற்பதும் இதனால்தான். ஆக்சிஜன் பிளாஸ்மா அந்தப் பரப்பின் பிணைப்புகளை உடைத்து ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகளை ஒட்டவைக்கிறது. தண்ணீருக்குப் பிடி கிடைக்கிறது, துளி படர்கிறது. ஆனால் இந்த மாற்றம் ஆழத்தில் சில நானோமீட்டர் மட்டுமே. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். விரலால் ஒரு தடவு தடவினால் போதும், கதை முடிந்தது.

பலரும் செய்யும் முதல் தவறு, இதைப் பெயின்ட் அடித்த மாதிரி நிரந்தரம் என்று நினைப்பது. பாலிமர் சங்கிலிகள் அசையக்கூடியவை. வெளியே காற்றுதானே இருக்கிறது, தண்ணீர் இல்லையே என்று, புதிதாக வந்த தொகுதிகளை மெல்ல உள்பக்கம் திருப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் மேலே வந்து படியும். சூடு ஏற ஏற இது வேகமாகும். வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் எவ்வளவு சூடு என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.எம்.எஸ். எனும் சிலிக்கோன் ரப்பர் இதில் மகா மோசம். பிளாஸ்மா போட்டவுடன் தொடுகோணம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். சில மணி நேரத்திலேயே பழைய குணம் எட்டிப்பார்க்கும். மைக்ரோஃப்ளூயிடிக் சிப் (முடி போன்ற மெல்லிய கால்வாய்களில் திரவம் ஓடும் சிப்) செய்பவர்கள் அதைக் கண்ணாடியோடு சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிடுவது அதனால்தான். உடனே ஒட்ட முடியாதென்றால் சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்திருங்கள். வெளியே தண்ணீர் இருந்தால் தொகுதிகளுக்கு உள்ளே திரும்ப அவசரம் இருக்காது.

அடுத்த குற்றவாளி அந்த ஜிப் கவர். பாலித்தீன் கவர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, அதில் எரூக்கமைடு போன்ற வழுக்குப் பொருள் சேர்த்திருப்பார்கள். அது கவரின் பரப்புக்கு வந்து, தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டும். கஷ்டப்பட்டுத் தண்ணீருக்குப் பழக்கிய பரப்பின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு! கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பெட்ரி டிஷ்ஷில், பிளாஸ்மா பட்ட முகம் எதிலும் படாமல் வைத்து மூடுங்கள்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் போடுங்க சார், நல்லா பரவட்டும்.” இதைக் கேட்டாலே எனக்குச் சங்கடமாக இருக்கும். பல பாலிமர்களுக்குச் சில வினாடிகள் முதல் ஓரிரு நிமிடம் போதும்; அதற்கு மேல் கோணம் பெரிதாக இறங்காது. தொடர்ந்து அடித்தால் சங்கிலிகள் துண்டு துண்டாகி, ஆக்சிஜன் ஏறிய தூள் மாதிரி ஒரு படலம் மேலே சேரும். அதில் துளி அழகாகப் படரும், போட்டோவும் பிரமாதமாக வரும். மையோ பசையோ போட்டால் அந்தப் படலத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். சுண்ணாம்பு உதிரும் சுவரில் டிஸ்டெம்பர் அடித்த கதைதான். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: துண்டைச் சுத்தமான தண்ணீரில் அலசி, காயவைத்து, மறுபடி கோணம் பாருங்கள். சட்டென்று ஏறினால் நீங்கள் முதலில் அளந்தது அந்த உதிரிப் படலத்தைத்தான். பி.டி.எம்.எஸ்.ஸை அதிகம் அடித்தால் வேறு வம்பு. மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஓடு உண்டாகி விரிசல் விடும். அந்த விரிசல் வழியே உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் இன்னும் வேகமாக வெளியே வரும்.

பிளாஸ்மாவே சுத்தம் செய்துவிடும் என்று துடைக்காமல் வைப்பவர்களும் உண்டு. கைரேகை எண்ணெய் லேசாக இருந்தால் எரிந்து போகும். ஆனால் மோல்டிலிருந்து எடுக்க அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரே போகாது, சிலிக்கா மாதிரி கெட்டியாகி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். பாலிகார்பனேட்டில் அசிட்டோன் மட்டும் வேண்டாம், வெள்ளை பூத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மூர்ச் சந்தேகம் எப்போதும் உப்பின் மேல்தான். உண்மையில் போர் தண்ணீரின் உப்பு பரப்பு இழுவிசையை அவ்வளவாக மாற்றாது. காய்ந்தால் வெள்ளைக் கறை விடும், அவ்வளவுதான். கெடுப்பது சோப்பு. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கழுவிய சிரிஞ்சை அரைகுறையாக அலசினால் அது சரசரவென இறங்கிவிடும். பிளாஸ்மா போடாத துண்டிலும் துளி படரும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். டீஅயனைஸ்டு (அயனிகள் நீக்கிய) தண்ணீர், அதற்கென்றே தனி சிரிஞ்ச், கூடவே பிளாஸ்மா போடாத துண்டு ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் அளக்க உட்காராதீர்கள்.

துளி 2 முதல் 5 மைக்ரோலிட்டர் இருக்கட்டும். பெரிதானால் தன் எடையிலேயே தட்டையாகும். ஏ.சி. காற்று நேராகப் படும் மேசை வேண்டாம். விளிம்பு நகராமலே துளி வற்றும்போது கோணம் தானாகக் குறையும், அது பிளாஸ்மாவின் சாதனை அல்ல. ஒரே துளியை நம்பாமல் நாலைந்து இடத்தில் விட்டுப் பாருங்கள். முடிந்தால் துளிக்குள் தண்ணீரை ஏற்றும்போது ஒரு கோணம், உறிஞ்சும்போது ஒரு கோணம் எடுங்கள். பரப்பு திட்டுத்திட்டாக இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும்.

பிளாஸ்மா என்றாலே தண்ணீர் படரும் என்பதும் தப்பு. கார்பன் டெட்ராஃப்ளூரைடு வாயுவில் போட்டால் பரப்பு தண்ணீரை இன்னும் விரட்டும். டெஃப்லானை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் நெடுநேரம் வைத்தால் பரப்பு அரிக்கப்பட்டுக் கரடாகி, துளி இன்னும் உருண்டையாக நிற்கும். பரப்பின் குணம் எதுவோ அதைக் கரடு பெருக்கிக் காட்டும் என்று 1936-லேயே வென்சல் என்ற ஆய்வாளர் சொல்லிவிட்டார். தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அங்கேயும் மெழுகு பாதி, கரடு பாதி.

பிரின்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு டைன் பேனாதான் வேதம். பரப்பு இழுவிசை இவ்வளவு என்று எண் போட்ட மையைக் கொண்ட சோதனைப் பேனா அது. 38 எண் பேனாவின் கோடு இரண்டு வினாடி கலையாமல் நின்றால் ஃபிலிம் பாஸ். நல்ல பழக்கம்தான். ஆனால் பேனா பட்ட இடத்தில் மறுபடி துளி விட்டுக் கோணம் அளக்காதீர்கள், மை பிசைந்த பரப்பு அது. ஃபிலிமின் எந்த முகத்தில் பிளாஸ்மா பட்டது என்று முதலிலேயே மூலையில் குறித்துவையுங்கள். இதைச் செய்யாமல் அரை நாள் வீணடித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த மாணவன் அடுத்த வாரம் பெட்ரி டிஷ்ஷோடு வந்தான், இந்த முறை காலை ஏழு மணிக்கே. மூடியில் பிளாஸ்மா போட்ட நேரம் எழுதியிருந்தது. 51 டிகிரி. முகமெல்லாம் சிரிப்பு. அலசிக் காயவைத்து மறுபடி பார்த்தோம்: 68. “எவ்வளவு நேரம் போட்டே?” என்றேன். “பத்து நிமிஷம் சார்.” ஒரு நிமிடம் போட்டு எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினேன்.