மெல்லிய தோலில் புடைப்பு வேலை: குறிப்பேட்டு அட்டையில் பனையோலை எழுப்பும் முறை

விரிந்த பனையோலையின் மடிப்புகளை மேடும் பள்ளமுமாகத் தோலில் எழுப்பி, குறிப்பேட்டுக்கு மேலட்டையாக அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். மட்டை (கெட்டியான காகித அட்டை) வெட்டுவதும் தாள் கோத்துத் தைப்பதும் எளிய வேலைகள் என்பதால் அவற்றை விரித்துரைக்கவில்லை.

முதலில் தோல். தாவரச் சாற்றால் பதனிட்ட தோல்தான் நீரை உறிஞ்சி இளகி, காய்ந்த பின்னரும் நாம் கொடுத்த வடிவத்தில் நிற்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலை எவ்வளவு அழுத்தினாலும் அது பெரும்பாலும் பழைய நிலைக்கே மீளும். சாயமேற்றாத தோலாயின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: தாவரப் பதனீட்டில் உட்புறம் வரை பழுப்பாகவும், குரோமியப் பதனீட்டில் நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடும் மரபு நெடியது. அவ்வகை ஆட்டுத்தோல் 1 மி.மீ. தடிப்பில் கிடைத்தால் வேறெதையும் தேடவேண்டாம்.

அடுத்து அடித்தளம். 2 மி.மீ. மட்டையின்மேல் ஓலை மடிப்புகளின் வடிவில் மட்டைக் கீற்றுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக 3 மி.மீ. உயரம் வரை ஒட்டி, ஓரங்களை மணல்தாளால் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இரு மேடுகளுக்கிடையிலுள்ள பள்ளத்தின் அகலம் தோலின் தடிப்பைப்போல் மும்மடங்குக்குக் குறையக்கூடாது. இரு சுவர்களிலும் தோல் இறங்குவதற்கே இரு தடிப்பளவு இடம் போய்விடும். காம்பருகே மடிப்புகள் நெருங்குமிடத்தில் ஒன்றைவிட்டு ஒன்றை நீக்கிவிடுவதே நல்லது.

நனைப்பதற்கு மழைநீரையே நான் விரும்புகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பெரும்பாலானவை சுண்ணக்கல் நிலத்து நீரைத் தருபவை. அக்கடின நீர் இத்தோலின் நிறத்தைக் கறுக்கச் செய்யக்கூடும். வெந்நீர் கூடவே கூடாது, தோல் சுருங்கி விறைத்துவிடும். நன்றாக நனைந்த தோலைப் பொலித்தீன் பையில் சுற்றிவைத்து, மேற்பரப்பின் நிறம் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பியதும், ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்ச்சி தெரியும்போதே வேலையைத் தொடங்குங்கள். ஈரத்தோலில் இரும்பு படக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்: பட்டையிலுள்ள துவர்ப்பொருள் இரும்புடன் கூடி நீலக்கறுப்புக் கறையாகும். புதிய கறையாயின் தேசிக்காய்ச் சாற்றை மெல்லத் தடவி, உடனே நீரால் துடைத்தெடுக்கலாம்.

பசைக்குக் கோதுமை மாவே சிறந்தது. ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு நீரில் கரைத்து, கட்டிபடாமல் கிளறிக் காய்ச்சி ஆறவையுங்கள். விரைவில் பற்றிக்கொள்ளும் வெள்ளைப் பசையில் தோலை நகர்த்தித் திருத்த அவகாசம் கிடைக்காது. மாப்பசையோ போதிய நேரம் தரும்.

இனி வருவது இவ்வேலை முழுவதையும் தீர்மானிக்கும் படி, இங்கே அவசரப்படவேண்டாம். தோலின் உட்புறத்திலும் அடித்தளத்திலும் பசையிட்டு, தோலை இழுக்காமல் தளர்வாக விரித்துவிடுங்கள். மேடுகளின்மேல் தோலை இழுத்துப் போர்த்தியபின் பள்ளங்களை அழுத்தத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் பள்ளத்துக்குள் இறங்கவேண்டிய தோல் மேட்டிலேயே நீட்டப்பட்டுத் தீர்ந்துவிடும். காயும்போது அது சுருங்கி, பள்ளத்தின் அடியைவிட்டு மேலெழும். ஆகவே நடுப்பள்ளத்திலிருந்து தொடங்கி, தோலை அதன் அடிவரை பெருவிரலால் இறக்கி நிலைப்படுத்திய பின்னரே பக்கத்துப் பள்ளத்துக்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு பள்ளமும் தனக்குத் தேவையான தோலை வெளியோரத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாப் பள்ளங்களும் முடியும்வரை ஓரங்களை மடித்து ஒட்டாதீர்கள். தோலை வெட்டும்போதே சுற்றிலும் தாராளமாக விடவேண்டியதும் இதற்காகவே.

விரலுக்கு எட்டாத மூலைகளுக்கு முதிரைக் கட்டையில் செதுக்கி, முனையை மழுக்கி வழவழப்பாகத் தேய்த்த குச்சியைப் பயன்படுத்துங்கள். பனஞ்சிலாகை கைக்கு எளிதில் கிடைத்தாலும், நார் பிரிந்து தோலைக் கீறிவிடும். பின்னர் ஒவ்வொரு பள்ளத்திலும் பருத்திக் கயிறொன்றை அழுத்திவைத்து, அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டு, கயிற்றின் தடம் மறையும்படி குச்சியால் மீண்டும் ஒருமுறை நீவுங்கள். இந்த இரண்டாவது நீவலைத் தவிர்ப்பவர்களின் அட்டையில் மடிப்பு கூர்மையாக விழுவதில்லை.

உலர்த்துவது நிழலில்தான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஓரங்கள் நடுப்பகுதிக்கு முன்பே காய்ந்து தோலை வெளிப்புறம் இழுக்குமாதலால், ஓரங்களின்மேல் ஈரத்துணி போட்டுவையுங்கள். மழைக்காலத்து வாடையில் இதற்கு மாறாகப் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது காற்றோட்டமான இடத்தில் சட்டமொன்றின்மேல் வைத்து, இருபுறமும் உலரவிடுங்கள். முழுதும் உலர்ந்தபின் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் புடைப்பு தளர்ந்துவிடும்.

பிற்சேர்க்கை: அட்டை காய்ந்ததும் ஓரங்கள் தோலின் பக்கமாக வளைந்து நிற்பதாக வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். தோல் சுருங்கி மட்டையை இழுப்பதே காரணம். ஓரங்களை மடித்து ஒட்டிய அன்றே மட்டையின் உட்புறத்தில் தடித்த காகிதமொன்றை அதே மாப்பசையால் ஒட்டிவிட்டால், அது காயும்போது எதிர்ப்புறம் இழுத்து மட்டையை நேராக வைத்திருக்கும். வளைந்தபின் பாரமேற்றி நிமிர்த்த முயலவேண்டாம், புடைப்பு நசுங்கிவிடும். அப்போதும் உட்புறத்தில் காகிதம் ஒட்டுவதே வழி.