முதல் த்ரில்லர் எழுத உட்காரும் முன்: எதைப் படிப்பது, எப்படிப் பழகுவது

த்ரில்லர் எழுத ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு மிகவும் பிடித்த குற்றக் கதையை எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்? ஒரு முறைதான் என்றால், அதை ரசித்திருக்கிறீர்கள், அவ்வளவே. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு அதே கதையை மறுபடி படிக்கும்போதுதான் எழுதியவரின் கை எங்கெங்கே வேலை செய்திருக்கிறது என்று புலப்படும்.

குற்றக் கதைக்குள் எப்போதும் இரண்டு கதைகள் இருக்கும். உண்மையில் நடந்தது ஒன்று. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருவது மற்றொன்று. வாசகர் கையில் கிடைப்பது இரண்டாவது மட்டும்தான். எட்கர் ஆலன் போ 1841இல் தன் துப்பறியும் கதையை வெளியிட்ட காலம் தொட்டு இந்த அமைப்பு மாறவில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாகக் கையாளப் பழகுவதற்குத்தான்.

முதல் படி: பென்சிலோடு மறுவாசிப்பு

சிறுகதையில் தொடங்குங்கள். நான் எப்போதும் பரிந்துரைப்பது கோனன் டாயில் 1892இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’. பந்தயக் குதிரை ஒன்று காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் இறந்து கிடக்கிறார். அன்றிரவு நாய் குரைக்கவில்லை என்பதுதான் ஹோம்ஸ் பிடித்துக்கொள்ளும் துப்பு. இது பலருக்கும் தெரியும். ஆனால் லாயத்தில் ஒரு நாய் இருப்பதை டாயில் எப்படிச் சொல்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? இருட்டில் ஒரு அந்நியன் வந்து காவலுக்கு இருக்கும் பையனிடம் பேச்சுக் கொடுக்கிறான். பையன் கோபத்தோடு நாயை அவிழ்த்துவிட ஓடுகிறான். நம் கண் முழுக்க அந்த அந்நியன் மேல் இருக்கிறது. நாய் நம்மைக் கடந்து போய்விடுகிறது. துப்பை ஒளிக்கும் வித்தையை இதைவிடச் சுருக்கமாக யாரும் கற்றுத்தர முடியாது.

அடுத்து அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926). முடிவைச் சொல்லமாட்டேன். படித்து முடித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். பொய்யே சொல்லாமல் நம்மை ஏமாற்றிய வாக்கியங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். மூன்றாவதாக, பாட்ரீசியா ஹைஸ்மித்தின் ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ (1955). அதில் குற்றவாளி யாரென்பது ரகசியமே இல்லை. அவன் தோள்மேல் உட்கார்ந்துதான் கதையைப் பார்க்கிறோம். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நம்மையே பதற வைப்பதுதான் ஹைஸ்மித்தின் சாமர்த்தியம். யார் செய்தது என்ற கேள்வியே இல்லாமலும் த்ரில்லர் ஓடும் என்பதற்கு இந்த நாவல் ஒன்று போதும்.

தமிழில் விசாரணையை உரையாடலிலேயே நகர்த்தக் கற்க சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகள். ஒருவரின் நிதானமும் மற்றவரின் குறும்பும் உரசிக்கொள்வதால், தகவல் சொல்லப்படுகிறது என்ற உணர்வே நமக்கு வராது.

மறுவாசிப்பில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கேள்வி எழும் இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எண் கொடுங்கள். பதில் வரும் இடத்தில் அதே எண்ணை எழுதுங்கள். முடிந்ததும் புரட்டிப் பாருங்கள்: ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் அடுத்தது கிளம்பியிருக்கும். ‘கீழே வைக்க முடியவில்லை’ என்று சொல்கிறோமே, அது இப்படித்தான் உண்டாகிறது.

இரண்டாம் படி: நடந்ததை முதலில் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். கதையைத் தொடங்கும் முன், குற்றத்தை ஒரே பக்கத்தில், செய்தவரின் வாயால், நேரம் குறித்து எழுதுங்கள். யாரும் படிக்கப்போவதில்லை, அழகு வேண்டாம்.

உதாரணமாக: “8.40க்கு மாமா இறந்துவிட்டார். 8.50க்கு அலமாரியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். படித்த அதிர்ச்சியில் நெஞ்சு வலி வந்தது என்று எல்லோரும் நினைக்க வேண்டும். 9 மணிக்குப் பின்வாசல் வழியாக வெளியேறினேன்.”

இப்படி எழுதும்போதே குற்றவாளி கவனிக்காமல் விட்டது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பெரியவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடியோ கூட்டுக்குள் இருக்கிறது. துப்பை வெளியே தேடி அலைய வேண்டியதில்லை. குற்றவாளியின் அவசரமே அதைத் தந்துவிடும்.

மூன்றாம் படி: துப்பைக் காட்டியபடியே மறையுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: “மேசையில் கண்ணாடிக் கூடு மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதையே உற்றுப் பார்த்தார்.” அவர் உற்றுப் பார்த்தால் வாசகரும் உற்றுப் பார்ப்பார். ரகசியம் அங்கேயே உடைந்துவிடும்.

இப்படி மாற்றலாம்: “மேசையில் பாதி குடித்த தண்ணீர், மூடிய கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை. அட்டையில் இரண்டு மாத்திரைகள் அதிகமாகவே குறைந்திருந்தன. இன்ஸ்பெக்டர் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் யாரோ அலறும் சத்தம்.”

மூன்று பொருள்களில் நடுவில் இருப்பது எளிதில் மறந்துபோகும். மாத்திரை கவனத்தை இழுக்கிறது, அலறல் அதையும் அடித்துக்கொண்டு போகிறது. ஆனால் நீங்கள் எதையும் மறைக்கவில்லை, கூடு கண்ணெதிரே இருந்தது. இனி பாதி வேலைதான் பாக்கி: பெரியவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது என்பதை இரண்டு அத்தியாயங்களுக்கு முன்பே, வேறு ஒரு மனநிலையில் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுப் பேத்தியைச் செய்தித்தாள் படித்துக்காட்டச் சொல்கிறார் என்று வைத்தால், வாசகர் அதைப் பாசக் காட்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

துப்பறிபவர் கண்டெடுத்த துப்பை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் ஒரு விதி வகுத்தார். அவருடைய பத்து விதிகளில் சில இன்று காலாவதி. இது மட்டும் காலாவதி ஆகாது. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைக்கும் தகவலை வாசகர் மன்னிக்கமாட்டார், மன்னிக்கவும் கூடாது.

நான்காம் படி: அதிர்ச்சியா, பதைப்பா?

திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால், பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்திருந்தால், மேசையில் நடக்கும் வெட்டிப்பேச்சுகூட 15 நிமிடப் பதைப்பு. உங்கள் கதையில் ஒவ்வொரு முக்கியமான காட்சிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் வாசகருக்கு அதிகம் தெரியுமா, பாத்திரத்துக்கு அதிகம் தெரியுமா? பதில் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் கதை தொய்ந்துவிடும்.

ஐந்தாம் படி: உட்காரும் பழக்கம்

ரேமண்ட் சாண்ட்லர் 1932இல் எண்ணெய் நிறுவன வேலையை இழந்த பிறகே முழுமூச்சாக எழுத வந்தார். முதல் நாவல் ‘தி பிக் ஸ்லீப்’ வெளியான 1939இல் அவருக்கு வயது 50. தினமும் எழுத்துக்கென்று ஒதுக்கும் நேரத்துக்கு அவர் சொன்ன விதிகள் இரண்டே. எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் வேறு எதுவும் செய்யக் கூடாது. அவர் சொன்னது குறைந்தது நான்கு மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு 40 நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே நேரம், கைபேசி அடுத்த அறையில். சும்மா உட்கார்ந்திருப்பது சீக்கிரமே அலுத்துவிடும், அப்போது கை தானாக எழுதத் தொடங்கும். எனக்கு இந்த முறையைவிடக் கைகொடுத்தது வேறெதுவும் இல்லை.

பெல்ஜியக் குற்றக் கதை எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன் ஒரு பெரிய உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்ப விவரங்களைக் குறித்துக்கொண்டு தொடங்குவார். பிறகு நாளுக்கு ஒரு அத்தியாயம். அந்த உறையைப் பின்பற்றுங்கள், வேகத்தை வேண்டாம். கிறிஸ்டியின் குறிப்பேடுகள் எழுபதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. வீட்டுப் பட்டியல்களுக்கு நடுவே கொலைத் திட்டங்கள். ஒழுங்கான நோட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆராய்ச்சி? கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தார்; அதனால்தான் அவர் கதைகளில் விஷம் அவ்வளவு நம்பும்படி இருக்கிறது. உங்கள் தொழிலில் உங்களுக்கு மட்டும் தெரிந்த விவரம் கட்டாயம் இருக்கும். கணக்குப் பார்ப்பவரோ, லாரி ஓட்டுபவரோ, அங்கிருந்து குற்றத்தை எடுங்கள்.

ஆறாம் படி: ஆறப்போட்டுத் திருத்துங்கள்

முடித்த கையெழுத்துப் பிரதியைச் சில வாரங்கள் தொடாதீர்கள். பிறகு, மற்றவர்களின் கதையில் செய்த அதே பென்சில் வேலையை உங்கள் கதையிலும் செய்யுங்கள். எண் கொடுத்த கேள்விக்குப் பதிலே வராத இடங்கள் இப்போது கண்ணில் படும். அதையெல்லாம் சரிசெய்த பிறகு, நிறைய குற்றக் கதை படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் யார்மேல் சந்தேகம் வந்தது என்று ஓரத்தில் பெயரை மட்டும் குறித்துவரச் சொல்லுங்கள். குற்றவாளியின் பெயர் முப்பதாம் பக்கத்திலேயே தலைகாட்டினால், கண்ணாடிக் கூடு போன்ற ஒன்று எங்கோ வெளிப்படையாகத் தெரிகிறது. கடைசிவரை வரவே இல்லையென்றால் துப்புகள் போதவில்லை. முடிவுக்குச் சற்று முன் அந்தப் பெயர் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டிருந்தால் அடுத்த கதையைத் தொடங்கலாம்.